தசை பிடித்த குதிரையை நெடுந்தூரச் சவாரிக்கு மீண்டும் ஆயத்தப்படுத்துதல்: காவிரிப் படுகையில் குதிரை வளர்க்கும் புதியவர்களுக்கு

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் குடமுருட்டிக் கரையில் என் செவலை இரண்டு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. அதற்குள் பின்னங்கால்கள் எட்டு வைக்கும் தூரம் குறுகியது, விலாவில் வியர்வை வழிந்தது, பிறகு நின்ற இடத்தைவிட்டு அசைய மறுத்துவிட்டது. கீழே இறங்கி இடுப்புச் சதையைத் தொட்டுப் பார்த்தேன். வழக்கமாகப் பிசைந்த மாவுபோல் விரலுக்கு இடங்கொடுக்கும் அந்தச் சதை, மரப்பலகையைத் தொட்டதுபோல் இறுகியிருந்தது. எப்படியாவது வீடுவரை நடத்திச் சென்றுவிடலாம் என்று கடிவாளத்தைப் பிடித்து இழுத்தபோது, அவ்வழியே சைக்கிளில் வந்த முன்னாள் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் இறங்கி, "தம்பி, இனி ஒரு அடிகூட நடத்தாதீங்க. குட்டியானை வண்டிக்குப் போன் போடுங்க" என்றார். அவர் சொன்னபடி செய்ததால்தான் குதிரை பிழைத்தது என்று பின்னர் மருத்துவரும் சொன்னார்.

பிழை முழுவதும் என்னுடையது. பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் ஆகிய மூன்று நாளும் குதிரையை லாயத்திலேயே கட்டிவைத்துவிட்டு, ஓடும் நாளில் கொடுக்கும் அதே அளவு கொள்ளையும் ஓட்ஸையும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த உறவினர் பிள்ளைகள் அன்பு மிகுதியால் சர்க்கரைப் பொங்கலையும் கரும்புத் துண்டுகளையும் ஊட்டியதையும் நான் தடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் போதிய முன்நடை இல்லாமல் நேரே ஓட்டத்துக்கு விட்டேன். வண்டிக்குதிரைகள் நிறைந்திருந்த காலத்தில் ஐரோப்பியர் இந்நோயைத் 'திங்கட்கிழமை நோய்' என்று அழைத்ததற்கும் இதே காரணம்தான்: ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, குறையாத தீனி, மறுநாள் காலையில் முழு வேலை. இன்று சவாரிக்காரர்கள் 'டையிங்-அப்' (tying-up) என்கிறார்கள். நம் பக்கத்தில் 'குதிரை பிடிச்சுக்கிச்சு' என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். இது ஓய்வெடுத்தால் மறையும் வெறும் சுளுக்கு அன்று. தசை நார்கள் சிதைந்து, அவற்றினுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் நிறமி இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும்போது சிறுநீரைக் கருங்காப்பி நிறத்துக்கு மாற்றிவிடும். நீர் வற்றிய உடலில் அந்த நிறமியே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

முதல் சில மணி நேரம்

சேணத்தைக் கழற்றுங்கள், நிழலில் நிறுத்துங்கள், வாளியில் தண்ணீர் வையுங்கள், தானியம் எதையும் காட்டாதீர்கள். உடல் கொதித்தால் தண்ணீர் ஊற்றிக் குளிர்வியுங்கள். மார்கழி, தை மாதப் பனியில் நடுங்கினால் சாக்கையோ போர்வையையோ போர்த்துங்கள். சிறுநீர் கழித்தால் அதை ஒரு வெள்ளை டப்பாவில் பிடித்து வைத்திருப்பது மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும். கால்நடை மருத்துவர் அருகில் இல்லையென்றால் 1962 என்ற எண்ணை அழையுங்கள். தஞ்சைப் பகுதியினருக்கு ஒரத்தநாட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. வீட்டில் கிடக்கும் வலி ஊசியையோ மாத்திரையையோ உங்கள் விருப்பத்துக்குக் கொடுக்கவே கூடாது. அழற்சியைக் குறைக்கும் வலிமருந்துகள் பலவும் நீர் வற்றிய குதிரையின் சிறுநீரகத்தை மேலும் தாக்கக்கூடியவை. முதலில் இரத்தக்குழாய் வழியாகவோ மூக்குக்குழாய் வழியாகவோ நீர்மம் ஏற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

விறைத்து நிற்கும் குதிரைகள் எல்லாம் தசை பிடித்த குதிரைகள் அல்ல என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைக் குதிகாலில் போட்டு நின்று, குளம்பும் சூடாக இருந்தால் அது குளம்பழற்சியாக இருக்கலாம். மூன்றாம் இமை கண்ணின் குறுக்கே வந்து, வால் தூக்கி, தாடை இறுகினால் டெட்டனஸ் என்று ஐயுற வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் பைரோபிளாஸ்மாவிலும் சிறுநீர் செந்நிறமாகும். ஆனால் அதில் காய்ச்சலும் வெளிறிய ஈறும் சேர்ந்து வரும். மாட்டு ஈக்கள் மொய்க்கும் மழைக்காலத்தில் சர்ரா நோயும் பின்னங்கால்களைத் தள்ளாட வைக்கும். குதிரை என்ன தின்றது என்பதையும் அன்றே எண்ணிப் பாருங்கள். மழைக்குப் பின் வாய்க்கால் ஓரங்களில் மண்டும் பேயாவரைச் செடி தசையை நேரடியாகச் சிதைக்கும். கோழித்தீவனத்தில் கலக்கப்படும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசைக்கே எமன். கோழிக்கும் மாட்டுக்குமான தீவன மூட்டைகள் குதிரை லாயத்தின் கதவைத் தாண்டவே கூடாது.

இரத்தம் சொல்வதைக் கேளுங்கள்

வெளித்தோற்றத்தை நம்பி மோசம் போகும் இடம் இதுதான். மூன்றாம் நாளே குதிரை துள்ளும், கனைக்கும், வாசலில் உங்களைக் கண்டால் காலால் தரையைக் கிளறும். பெருந்துறைப் பரிகள் இரவோடு இரவாக நரிகளாக மாறிய கதையை நம் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. இந்தக் குதிரையும் பகலில் பரியாகத்தான் தெரியும்.

எனவே, தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதிகளை அளக்கும் இரண்டு இரத்தச் சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று சி.கே.; மனிதர்களுக்கான ஆய்வகங்களில் இதை சி.பி.கே. என்பார்கள். மற்றொன்று ஏ.எஸ்.டி.; இதன் பழைய பெயர் எஸ்.ஜி.ஓ.டி. தசை சிதைந்த 4 முதல் 6 மணி நேரத்தில் சி.கே. உச்சத்தைத் தொட்டு, சிதைவு நின்றுவிட்டால் சில நாட்களில் இறங்கிவிடும். ஏ.எஸ்.டி. மெதுவாக ஏறி, ஒரு நாள் கழித்து உச்சத்தை அடைந்து, இறங்குவதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே சி.கே. இயல்பாகவும் ஏ.எஸ்.டி. உயர்ந்தும் இருந்தால் பழைய காயம் ஆறிவருகிறது என்றும், இரண்டும் உயர்ந்திருந்தால் சிதைவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றும் பொருள். அறிக்கைத் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பளவு மனிதர்களுக்கானது; அதைக் குதிரைக்கு வைத்துப் பார்த்துவிட்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அறிக்கையை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். எடுத்த இரத்தத்தை வெயிலில் பைக் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரம் அலைக்கழித்தால் சிவப்பணுக்கள் உடைந்து, அளவுகள் பொய்யாகிவிடும். ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள்.

தீனி: பாதி மருத்துவம் இங்கேதான்

முதலில் எடையை அறிய வேண்டும். எடைமேடை கிடைக்காவிட்டால் தையல்காரர் நாடாவே போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ எடை கிடைக்கும். செவலை 340 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு உலர்நிறையாகத் தழைத்தீனி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அதற்கு 6 கிலோ உலர்புல் போதும், பச்சைப்புல்லாகவே கொடுப்பதானால், அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், 25 கிலோவுக்கு மேல் அறுத்துப் போட வேண்டியிருக்கும்.

நெல்லைத் தவிர வேறொன்றும் விளையாத ஊரில் புல்லுக்கு எங்கே போவது என்பதே படுகையின் பெரிய சிக்கல். வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர ஊட்டம் தராது. சிலிக்காவும் அதில் அதிகம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு அருமையானது. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரையின் குடலில் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால், அதையே முழுத்தீனியாக மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு கெடும். பச்சைச் சோளத்தட்டை நான் தொடுவதே இல்லை. வரப்பு அருகம்புல்லே குதிரைக்கு உகந்தது. பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதனுடன் நாள்தோறும் ஓரிரு கிலோ குதிரைமசால் சேர்த்தால் கால்சியக் குறை தீரும். பெயரிலேயே குதிரை இருக்கும் அத்தீவனத்தை நம் மக்கள் ஆட்டுக்கு மட்டுமே போடுவது எனக்கு எப்போதும் வியப்பு.

அடுத்தது கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லிச் சொல்லியே குதிரை என்றால் கொள்ளு என்று முடிவுகட்டிவிட்டோம். கொள்ளு கெட்டதன்று; ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி, கம்பு, சோளம், ஓட்ஸ் ஆகியவையும் அப்படியே. தசை ஒருமுறை பிடித்த குதிரைக்கு மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குறைத்து, உழைப்புக்கான ஆற்றலைக் கொழுப்பிலிருந்து பெறும்படி செய்ய வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே கைக்கெட்டும் பொருள் தவிட்டு எண்ணெய். நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக 200 மில்லிவரை உயர்த்தலாம். சாணம் இளகினால் அளவைக் குறையுங்கள். எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும் என்பதால், அதன் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். செலினியம் கலந்த மருந்தைச் சொந்த முடிவில் சேர்க்காதீர்கள். அது சற்றுக் கூடினாலும் நஞ்சு. ஆலைத் தவிட்டையே கொடுப்பதென்றால் அன்று அரைத்ததை அன்றே கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் காறிப்போகும். பாஸ்பரஸ் மிகுந்தது என்பதால் குதிரைமசால் இல்லாமல் தவிடு மட்டும் கொடுப்பதும் தவறு.

ஒரு விதியை லாயத்துச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன்: 'இன்று வேலை இல்லையெனில் இன்று தானியம் இல்லை.' மழையால் ஓட்டம் நின்றாலும், லாடக்காரர் வரும் நாளானாலும், உரிமையாளர் வீட்டில் கல்யாணமானாலும் தானியம் பாதியாகவோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். புல் மட்டும் குறையவே கூடாது.

மீண்டும் நடை, பிறகு ஓட்டம்

கட்டிப்போட்டு வைப்பதே இந்நோய்க்கு மருந்து என்று எண்ணுவோர் உண்டு. விறைப்பு நீங்கி, சிறுநீர் தெளிந்து, மருத்துவர் இசைந்த பின்னர், தனித்துத் திரியும்படி ஒரு சிறு வேலித்திடலில் விடுவது கட்டிவைப்பதைவிட எவ்வளவோ நல்லது. பிறகு கையில் பிடித்து நடத்தல்; முதல் வாரம் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். சி.கே. இயல்புக்கு இறங்கியதும் நீண்ட கயிற்றில் வட்டமாக நடையும், 'ட்ராட்' என்று சவாரிக்காரர் சொல்லும் சீரோட்டமும் மாற்றி மாற்றி 5 நிமிடம் தொடங்கலாம். நாளுக்கு இரண்டு நிமிடம் என்று கூட்டிச் சென்றால், இரு வாரத்துக்குள் அரைமணி நேரத்தை எட்டலாம். அதுவரை முதுகில் ஆள் ஏறக் கூடாது. ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் அதை ஈடுகட்டக் கூடாது, ஒரு படி பின்னே வந்து தொடங்க வேண்டும்.

அரைமணி நேரத்தை எட்டிய பிறகு ஒரு சோதனை. ஓய்வில் இரத்தம் எடுத்து, 15 நிமிடம் சீரோட்டம் விட்டு, 4 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். சி.கே. மூன்று நான்கு மடங்குக்கு மேல் ஏறினால் குதிரைக்கு வியர்க்கவே இல்லை என்றாலும் தசை இன்னும் ஆறவில்லை. செவலைக்கு முதல்முறை ஏறிவிட்டது. பங்குனியில் நடக்கவிருந்த சவாரிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அன்றிரவே திரும்பப் பெற்றேன். மீண்டும் மீண்டும் ஏறுகிற குதிரைக்குப் பிறவியிலேயே தசைக் கோளாறு இருக்கலாம். அதற்குத் தசைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், தீனித் திட்டமும் ஆயுள் முழுதும் மாறும்.

சவாரி தொடங்கிய பின் எந்தத் தரையில் விடுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கொள்ளிடத்து மணல் பஞ்சுபோல் மென்மையானது, கால் நோகாது என்று நினைத்து அங்கே கொண்டுபோவார்கள். ஆழ்மணலில் ஒவ்வொரு எட்டுக்கும் பின்னந்தொடை இருமடங்கு இழுக்க வேண்டியிருக்கும். ஆறிவரும் தசைக்கு அது பகை. அடைமழைக்குப் பிந்திய களிமண் அதைவிட மோசம், குளம்பை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலை மூட்டுகளைத் தாக்கும். அறுவடைக் காலத்தில் அதில் இன்னோர் ஆபத்தும் உண்டு, சாலையில் காயவைத்திருக்கும் நெல்லை ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றாலே குதிரை வாய் வாயாக அள்ளிவிடும். முதல் இரண்டு மாதங்களுக்கு என் பரிந்துரை, 1934 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கல்லணைக் கால்வாயின், நம் பேச்சில் புது ஆற்றின், கெட்டியான செம்மண் கரை. மேடுபள்ளம் இல்லை, மரநிழல் உண்டு, குளிர்விக்கத் தண்ணீரும் பக்கத்திலேயே. ஆனால் மேட்டூர் திறந்திருக்கும் மாதங்களில் சுழலும் ஆழமும் மிகுதி என்பதால் குதிரையை உள்ளே இறக்காமல் வாளியால் மொண்டு ஊற்றுங்கள்.

தொலைவு, வேகம், தரை ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுங்கள். இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் பல மாதங்கள் வேண்டும். ஆறாம் வாரத்தில் குதிரை எதற்கும் தயார் என்று தோன்றுவது அதனால்தான். ஒவ்வொரு சவாரியின் தொடக்கத்திலும் 20 நிமிடம் தளர்ந்த கடிவாளத்தில் நடை, முடிவில் 15 நிமிடம் நடை. இதைக் குறைக்கும் நாள் வந்தால் அன்றைக்கு ஓட்டத்தைக் கைவிடுங்கள், நடையைக் கைவிடாதீர்கள்.

வெயிலும் உப்பும்

வெப்பத்தை ஃபாரன்ஹீட்டிலும் ஈரப்பதத்தை விழுக்காட்டிலும் கூட்டிப் பார்ப்பது நெடுந்தூரச் சவாரிக்காரர்களின் கைக்கணக்கு: 130க்குள் கவலையில்லை, 150ஐத் தாண்டினால் குதிரையால் தன்னைத் தானே குளிர்விக்க இயலாது, 180இல் சவாரியே கூடாது. புரட்டாசி மாலையில் நாகை, வேதாரண்யம் கடலோரத்தில் 90 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரமும் சேர்ந்தால் 165. பனிவிழும் தை விடியலில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் எண் பெரிதாகத் தோன்றும். ஆனால் காற்று குதிரையின் உடலைவிட வெகுவாகக் குளிர்ந்திருப்பதால் அந்நேரம்தான் பயிற்சிக்கு ஏற்றது.

குதிரையின் வியர்வையில் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் ஆகியவை மனித வியர்வையைவிட அடர்த்தியாக வெளியேறும். கடும் வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர்வரை இழக்கவும் கூடும். எனவே நாள்தோறும் ஒரு மேசைக்கரண்டி பொடியுப்பு தீனியில் சேர்ப்பது அடிப்படை. நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு பங்கு உப்பும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்து நான் கொடுக்கிறேன். ஆனால் தசை சிதைந்த தொடக்க நாட்களில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். தண்ணீர் குடிக்காத குதிரையின் வாயில் உப்புக்கூழைச் செலுத்துவது குடலிலிருக்கும் நீரையும் இழுத்துவிடும்.

சூடான சதையில் குளிர்ந்த நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று மூத்த குதிரைக்காரர்கள் அஞ்சுவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு வெப்பத்தில் குதிரைகளைக் குளிர்விப்பது குறித்து நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு அந்த அச்சத்துக்கு இடமில்லை. உடல் முழுதும் இடைவிடாமல் ஊற்றுவதே வேகமாகக் குளிர்விக்கும் வழி.

சவாரி நாள்

40 கிலோமீட்டர் சவாரிக்குப் பெயர் கொடுக்குமுன், 25 முதல் 30 கிலோமீட்டரைச் சிரமமின்றி முடித்து, மறுநாள் காலை விறைப்பின்றி நடந்திருக்க வேண்டும். ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். போட்டிகளில் பொதுவாக, வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் துடிப்பு 64க்கு இறங்க வேண்டும். இன்னொரு நுட்பமான சோதனையும் உண்டு: துடிப்பை எண்ணிவிட்டு, குதிரையைக் கையில் பிடித்துச் சுமார் 40 மீட்டர் சீரோட்டமாகப் போய்த் திரும்புங்கள், ஓடத் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட நான்குக்கு மேல் கூடியிருந்தால் குதிரை எங்கோ வலியையோ களைப்பையோ மறைக்கிறது.

முந்தைய நாளே சென்று சேருங்கள். வண்டியில் கால் ஊன்றி நின்று வருவதும் தசைக்கு வேலைதான். வந்ததும் அரைமணி நேரம் நடத்துங்கள். புறப்படுவதற்கு நான்கு மணி நேரத்துக்குள் தானியம் வேண்டாம், புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். எந்த மருந்து எந்த நாளில் கொடுத்தது என்ற குறிப்பை மருத்துவர் குழுவிடம் காட்டுங்கள். போட்டியில் தடை செய்யப்பட்ட மருந்து உடலில் எஞ்சியிருந்தால் தகுதி போய்விடும் என்பது ஒருபுறமிருக்க, வலியை மறைத்துக்கொண்டு ஓடும் குதிரைதான் வழியில் விழும். குதிரைக்கு முன்பு தசை பிடித்த கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

தசை பிடிப்பது பெரும்பாலும் கடைசிக் கிலோமீட்டரில் அன்று, முதல் அரைமணி நேரத்தில். மற்ற குதிரைகள் கிளம்பும் ஆரவாரத்தில் உங்கள் குதிரையும் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு துடிக்கும்போது, அந்த இழுபறியே சதையை இறுக்கிவிடும். ஆகவே எல்லோரும் போன பின் பத்து நிமிடம் கழித்துப் புறப்படுங்கள், முதல் மூன்று கிலோமீட்டரை நடையும் மெல்லிய சீரோட்டமுமாகக் கடங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடுப்புச் சதையை இரு கைகளாலும் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சற்று இறுகினாலும், எட்டு குறுகினாலும் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

செவலை மறு ஆண்டு தை இறுதியில் 40 கிலோமீட்டரைக் கடைசிக்கு முந்தியதாக முடித்தது. அன்றிரவு தானியம் கொடுக்கவில்லை. ஊறவைத்த புல்லும் உப்பு நீரும் மட்டும். மறுநாள் காலை ஐந்தரைக்கு, கண்ணைக் கசக்கிக்கொண்டே, வாய்க்கால்வரை இருபது நிமிடம் நடத்திக்கொண்டு போனேன்; சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தது.